கொடைக்கானலில் வீடு புக் செய்பவர்கள் கவனத்துக்கு: 23,400 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாள் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் மூன்று இரவுக்கு 23,400 ரூபாய் கட்டினேன். மொத்தமும் தளம் வழியாகத்தான். வெளியே ஜிபேயில் ஒரு பைசா அனுப்பவில்லை. "வெளியில் பணம் கொடுத்திருப்பீர்கள்" என்று யாரும் கமென்ட் போட வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அதற்காகவே வில்பட்டிப் பக்கம் தரைத்தளத்தில் படுக்கையறை உள்ள வீடாகத் தேடிப் பிடித்தேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் வீட்டுக்காரரே கூப்பிட்டார். "அண்ணே, அம்மாவுக்குக் கீழ் ரூம்லயே கட்டில் போட்டாச்சு. வெஸ்டர்ன் டாய்லெட்தான், கவலைப்படாதீங்க. குளிர் ஜாஸ்தியா இருக்கு, அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க." சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போலத்தான் இருந்தது. அம்மாவிடம் போனைக் கொடுத்துப் பேசவும் வைத்தேன். அவ்வளவு தேனாகப் பேசிய மனிதர்.

இ-பாஸ் எடுத்து, மலையேறி, பெருமாள்மலை தாண்டும்போது அதே ஆளிடமிருந்து போன். மோட்டார் காயில் போய்விட்டதாம், தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லையாம். "நாயுடுபுரத்துல நம்ம இன்னொரு வீடு இருக்குண்ணே, இதைவிடப் பெருசு." போய்ப் பார்த்தால் மாடி வீடு. வெளிப்பக்கம் குறுகலான இரும்புப் படிக்கட்டு, துருப்பிடித்த கைப்பிடி. மேலே கம்பளியைத் தொட்டால் ஈரம், கெய்சர் சுவிட்ச் ஒயரோடு தொங்குகிறது. அம்மா கீழேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சந்தேகம் வந்து வில்பட்டி வீட்டுக்கே காரை விட்டேன். ஜன்னலெல்லாம் லைட், வாசலில் இரண்டு கார். பின்பக்கம் மோட்டார் நன்றாக ஓடுகிற சத்தம் ரோடு வரை கேட்டது. சீசன் நேரம், அதிக வாடகைக்கு வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

போன் போட்டுக் கேட்டால், "பிடிக்கலன்னா நீங்களே கேன்சல் பண்ணிடுங்கண்ணே, முழுப் பணமும் வந்துடும்." தளத்தின் உதவி எண்ணில் பேசிய பெண்ணும் அதையேதான் சொன்னார்: முதலில் புக்கிங்கை ரத்து செய்யுங்கள், அப்புறம் ரீஃபண்ட் கேளுங்கள். ரத்து செய்தேன். திரையில் வந்தது: திரும்பக் கிடைக்கும் தொகை 0.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். நாம் கட்டும் பணம் உடனே வீட்டுக்காரர் கைக்குப் போவதில்லை. தளம் பிடித்து வைத்து, நாம் உள்ளே போய் ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் கமிஷன் கழித்து அவருக்கு அனுப்பும். வீட்டுக்காரர் ரத்து செய்தால் நமக்கு முழுப் பணமும் திரும்பும், அவருக்கு அபராதம், பட்டியலில் மதிப்பும் இறங்கும். விருந்தினர் ரத்து செய்தால் அந்த வீட்டுக்குப் போட்டிருக்கும் ரத்து விதிதான் செல்லும். இந்த வீட்டுக்குக் கடைசி நேர ரத்து என்றால் ஒரு ரூபாய் கிடையாது. பட்டனை யார் அமுக்கினார் என்பதை மட்டும்தான் அந்த சிஸ்டம் பார்க்கிறது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. "ஹோஸ்ட்டிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம்." "ஹோஸ்ட் மாற்று வீடு தர முன்வந்தார், நீங்கள்தான் மறுத்தீர்கள்." ஈரக் கம்பளி, படிக்கட்டு, வில்பட்டி வாசலில் நின்ற கார்கள் எல்லாவற்றின் படமும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் புதிய ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று இரண்டு வரி. 23,400 ரூபாயை அப்படியே முழுங்கிவிட்டு இரண்டு வரி! அன்றிரவு பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜுக்கு சீசன் ரேட்டில் கொடுத்தது தனி. அந்த வீடு இன்றும் தளத்தில் அதே படங்களோடு இருக்கிறது. தங்காதவன் ரிவ்யூ எழுத முடியாதாம்.

"நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று தளம் கைகழுவுகிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளம் குறைதீர்ப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எழுத்தில் கேட்டால் விற்பவரின் விவரத்தையும் தர வேண்டும். உதவி எண்ணில் இதை ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: யார் சொன்னாலும் நீங்கள் ரத்து பட்டனைத் தொடாதீர்கள், வீட்டுக்காரரை ரத்து செய்யச் சொல்லுங்கள். போனில் பேசியதைத் தளத்தின் மெசேஜில் எழுதி வாங்குங்கள். பெட்டியை இறக்குவதற்கு முன் வீடியோ எடுங்கள். ரத்து விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தளம் கைவிட்டால் 1915க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் இருக்கும் ஊரிலேயே போடலாம், கொடைக்கானலுக்கு அலைய வேண்டாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

1915இல் பதிந்துவிட்டேன். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மெயில் போகிறது. பதில் வந்தால் கீழே சேர்க்கிறேன்.