சபா சந்தாவா, தனி டிக்கெட்டா?

சென்னையில் மேடை நாடகம் பார்க்க இரண்டு வழி. இசை, நாடக நிகழ்ச்சிகள் நடத்தும் மன்றமான சபாவில் ஆண்டுச் சந்தா கட்டினால் மாத நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்துவிடும். சபாக்கள் நிறைந்த மயிலாப்பூர், தி.நகர் பக்கம் இருப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். காசு கட்டியாயிற்றே என்று பெயர் தெரியாத குழுவின் நாடகத்துக்கும் போவோம். நல்ல நடிகர்கள் பலரை நான் கண்டுகொண்டது அப்படித்தான். நாலாவது வரிசையில் உட்கார்ந்தால் வசனத்துக்கு முன் அவர்கள் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும்.

தாம்பரம் தாண்டிக் குடியிருந்தால் தனி டிக்கெட் போதும். புக்மைஷோ இணையதளத்தில் இருக்கையை நாமே தேர்ந்தெடுக்கலாம், சேவைக் கட்டணம் தனி. ஆனால் எல்லா நாடகமும் அதில் வராது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவின் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் அடுத்தடுத்து அரங்கேறும். ஏப்ரல் பிறந்ததும் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சி’ பகுதியைப் பாருங்கள்.