பாப்பி வான் விங்கிளா, வைல்ட் டர்க்கி 101-ஆ?

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பிரியர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு எப்படியும் பாப்பி வான் விங்கிளில் வந்து நிற்கும். அதன் 23 வருடப் புட்டி மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. வைல்ட் டர்க்கி 101 அமெரிக்காவில் அநேகமாக எல்லா மதுக்கடைகளிலும் சுமார் 25 டாலருக்குக் கிடைக்கிறது. என் ஓட்டு 101-க்குத்தான், விலைக்காக மட்டும் அல்ல.

சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான். குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய், நிறமோ சுவையூட்டியோ சேர்க்கத் தடை. அப்புறம்தான் வழி பிரிகிறது. பாப்பியில் ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்க்கிறார்கள், அதனால் காரம் குறைந்து மென்மை கூடும். அதைத் தயாரிக்கும் பஃபலோ டிரேஸ் வடிசாலையிலேயே வெல்லர் என்ற கோதுமை பர்பனும் தயாராகிறது. பாப்பி கிடைக்காதவர்கள் வெல்லரைத் துரத்தத் தொடங்கியதில், முன்பு சாதாரணமாகக் கிடைத்த அதுவும் இப்போது அபூர்வச் சரக்காகிவிட்டது.

பாப்பியின் அருமைக்கு நியாயமான காரணமும் உண்டு. கென்டக்கி வெயிலில் பீப்பாயில் இருப்பது வருடாவருடம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 23 வருடம் கழித்துத் திறந்தால் பாதிகூட மிஞ்சாது. ஆனால் அத்தனை வயது சுவைக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. ஸ்காட்ச்சை பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில் வைப்பதால் அது நீண்ட காலம் தாங்கும். பர்பனுக்குப் புது மரம். வருடம் ஏற ஏற மரத்தின் துவர்ப்பு மேலோங்கி, சோளத்தின் இனிப்பு பின்வாங்கும். 23 வருடப் பாப்பியில் நான் முதலில் உணர்வது ஓக்கைத்தான். அதே வரிசையின் 15 வருடப் புட்டி எனக்கு இன்னும் உயிரோட்டமாகப் படுகிறது.

101-இல் சமநிலை குலைவதில்லை. கென்டக்கியின் லாரன்ஸ்பர்க்கில் உள்ள வைல்ட் டர்க்கி வடிசாலையில் 1954-இல் பணிக்குச் சேர்ந்த ஜிம்மி ரஸ்ஸல் பிடிவாதமாகக் காத்த பாணி அது. பீப்பாயை நான்காம் எண் அளவுக்கு ஆழமாகக் கருக்குகிறார்கள். சட்டம் 62.5 சதவீத ஆல்கஹால் வரை அனுமதித்தாலும், அதைவிடக் குறைந்த வீரியத்தில்தான் பீப்பாயில் நிரப்புகிறார்கள். அதனால் புட்டியில் அடைக்கும் 50.5 சதவீதத்துக்குக் கொண்டுவர அதிகம் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை, பீப்பாயில் ஊறிய சுவையும் நீர்த்துப்போவதில்லை. முதல் மடக்கில் கேரமல், வெனிலா, ஆரஞ்சுத் தோல். தொடர்ந்து ரை தரும் மிளகுக் காரம். விழுங்கிய பிறகும் லவங்கப்பட்டையின் வெப்பம் தொண்டையில் கொஞ்ச நேரம் நிற்கும். சர்க்கரையும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறும் பனிக்கட்டியும் போட்டு ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயில் கலந்தாலும் அந்தச் சுவை அமுங்காது. 23 வருடப் பாப்பியை அப்படிக் கலக்க யாருக்கும் மனம் வராது.

விலைக்கும் சுவைக்கும் உள்ள தொடர்பு ஒரு கட்டத்துக்கு மேல் அறுந்துவிடுகிறது. பாப்பிக்கு வடிசாலை பரிந்துரைக்கும் விலை சில நூறு டாலர்தான். மீதியெல்லாம் தட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம். ஓரிகான் மாநிலத்தில் மது விற்பனையை நிர்வகிக்கும் அரசு அமைப்பின் உயரதிகாரிகளே இத்தகைய புட்டிகளைத் தங்களுக்கென ஒதுக்கிக்கொண்டது 2023-இல் அம்பலமானது. அவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் பொதுமக்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு போய்விட்டது.

யாராவது ஒரு கிளாஸ் பாப்பி ஊற்றிக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக் குடியுங்கள், நல்ல பானம்தான். மறுவிற்பனை விலைக்கு மட்டும் வாங்காதீர்கள். கோதுமையின் மென்மைதான் வேண்டுமென்றால் மேக்கர்ஸ் மார்க்கோ லார்சனியோ போதும். 101 பிடித்துப்போய் அடுத்த படி தேடினால், அதே வடிசாலையின் ரேர் பிரீட் இருக்கிறது. தண்ணீர் சேர்த்து வீரியத்தைக் குறைக்காமல் புட்டியில் அடைக்கிறார்கள், கூடுதலாகும் செலவும் அதிகமில்லை.