பிரசண்டாவும் பாபுராம் பட்டராயும்

இருவரும் 1954-இல் பிறந்தவர்கள், ஒரே மாவோயிஸ்ட் கட்சியை வளர்த்தவர்கள், இருவருமே நேபாளப் பிரதமரானவர்கள். ஆனால் ஆட்சி செய்த விதம் வேறு.

பிரசண்டா கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். 2022 தேர்தலில் 275 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 32. அப்படியும் மூன்றாம் முறை பிரதமரானார்! கூட்டணியை மாற்றி மாற்றி நான்கு நம்பிக்கை வாக்கெடுப்புகளைத் தாண்டி, 2024 ஜூலையில் ஐந்தாவதில் தோற்றார்.

பட்டராய் படிப்பாளி. கோர்க்கா மாவட்டத்துக்காரர், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2008-இல் பிரசண்டா அமைச்சரவையின் நிதியமைச்சராக வரி வசூலை நன்றாக உயர்த்தினார். 2011-இல் பிரதமரானதும், நேபாளத்திலேயே தயாரான முஸ்தாங் வண்டியில்தான் போய்வந்தார். காத்மாண்டுவின் குறுகலான சாலைகளை அகலப்படுத்தவும் செய்தார். அதற்காக வீட்டுச் சுவர்களை இடித்ததில் பலருக்குக் கோபம். சரி, அரசியல் நிர்ணய சபை அரசியலமைப்பை எழுதி முடிக்காமலே 2012-இல் கலைந்ததும் அவர் காலத்தில்தான்.

அமைச்சராக யார் தேவலை என்றால், எனக்குப் பட்டராய்தான். கட்சியை நடத்துவது அவருக்குக் கைவரவில்லை. 2015-இல் வெளியேறித் தொடங்கிய புதிய கட்சி 2017 தேர்தலில் எடுபடவில்லை.