ஹீ-மேனின் இடுப்பு ஸ்பிரிங்: மறுபதிப்புப் பொம்மைகளோடு நான்கரை வருடம்

ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து 2018இல் ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அடியில், என் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டருக்குள் என் சின்ன வயதுப் பொம்மை, கார்ட்டூன் வீரன் ஹீ-மேன், சுருண்டு கிடந்தான். கால்கள் இரண்டும் தனித்தனியாகக் கழன்றிருந்தன. அவற்றை இடுப்புக்குள் இழுத்துப் பிடித்திருந்த ரப்பர் இற்றுப் பொடியாகிவிட்டது. காலைத் தொட்டால் பலாச்சுளையைத் தொட்ட மாதிரி பிசுபிசுப்பு. வாளைக் காணோம். சும்மா உடம்பை எடுத்து இடுப்பைத் திருகி விட்டேன். ‘டக்’ என்று திரும்பி வந்து கையை வீசினான். முப்பது வருடம் மலைப்பனியில் கிடந்த ஸ்பிரிங் அது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மறுபதிப்புப் பொம்மைகள், அதாவது பழையதைப் போலவே புதிதாகச் செய்து விற்பவை, பக்கம் போனேன். 2021இலிருந்து சேர்ந்தவை இவ்வளவுதான்: அமெரிக்கப் பொம்மை நிறுவனமான மேட்டலின் ‘ஒரிஜின்ஸ்’ என்ற மறுபதிப்பு வரிசையில் ஹீ-மேன், அவன் எதிரி ஸ்கெலிட்டர், மூன்றேமுக்கால் அங்குலச் சிப்பாய்கள் இரண்டு, ஒரு வாள். பாதி சேலத்தில், அம்மாபேட்டை வீட்டு மாடியறையில். மீதி ஏற்காட்டில். இப்படிப் பிரித்து வைத்ததில் திட்டம் ஒன்றும் கிடையாது, வீட்டில் இடமில்லை. ஆனால் சித்திரை வெயில் ஒரு பக்கம், ஐப்பசி மூட்டம் ஒரு பக்கம் என்று அதுவே ஒரு சோதனையாகிவிட்டது. நான் எதையும் அட்டையோடு வைத்துப் பூட்டவில்லை. எல்லாம் பிரித்து, மகள் கையில் கொடுத்து, கீழே விழுந்து எழுந்தவை.

மறுபதிப்பு பழையதற்கு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று பேசுவதற்கு முன்னால், எது பழையது என்பதிலேயே எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மேட்டல் 1982இல் வெளியிட்ட ஹீ-மேன் ஐந்தரை அங்குலம். லேசாகக் குந்திய கால், பீப்பாய் மாதிரி மார்பு. முழங்கையும் முட்டியும் மடங்காது. சேலத்துக் கடைகளில் நமக்குக் கிடைத்தவனோ, லியோ நிறுவனம் மேட்டலோடு சேர்ந்து இந்தியாவில் செய்தவன். தூர்தர்ஷனில் கார்ட்டூன் ஓடிய காலம். என்னுடையவனின் தலைமுடி மஞ்சளும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல் ஒரு மாதிரி மாம்பழ நிறம். அமெரிக்கப் பதிப்பின் பளிச் மஞ்சள் முடியைப் படத்தில் பார்க்கும்போது, அவன் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரிதான் தெரிகிறான். மறுபதிப்பு எவ்வளவு துல்லியமாக அந்த அண்ணனைப் போல இருந்தாலும் என் வீட்டுப் பிள்ளை ஆகாது.

ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கச் சிப்பாய்ப் பொம்மையில் இது இன்னும் மோசம். ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964இல் பன்னிரண்டு அங்குலத்தில் தொடங்கி, 1982இல் மூன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சுருக்கியது. அதன் அச்சுகள் ஊர் ஊராகப் பயணம் போயின. பிரேசிலில் எஸ்ட்ரெலா, அர்ஜென்டினாவில் பிளாஸ்டிராமா, இங்கே எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் என்று ஆளுக்கொரு நிறத்தில் வார்த்தார்கள். அமெரிக்காவில் பச்சைச் சட்டை போட்டவன் இங்கே வேறு சட்டையில் வருவான். அது கிடக்கட்டும், 1982இல் வந்த சிப்பாய்க்கு மேல்கை திரும்பாது. அடுத்த வருடமே, துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடிக்க வசதியாக, மேல்கையைத் திரும்பும்படி மாற்றிவிட்டார்கள். அப்படியானால் மூலம் எது? செய்தவனே ஒரு வருடத்தில் திருத்திய பொருளை, நாம் கோயில் மூலவர் மாதிரி தொடக் கூடாது என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

சரி, பயன்பாட்டுக்கு வருகிறேன்.

‘ஒரிஜின்ஸ்’ ஹீ-மேன் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே பழையவன். உயரம், கோபமான முகம், மார்புக் கவசம் எல்லாம் சரி. கையில் எடுத்தால்தான் முழங்கை, மணிக்கட்டு, முட்டி, கணுக்கால் எல்லாம் மடங்குவது தெரியும். தலை, கை, கால் கழன்று வரும். ஒருவன் காலை இன்னொருவனுக்கு மாட்டலாம். அந்தக் காலத்தில் அச்சுச் செலவை மிச்சம் பிடிக்க ஒரே உடம்பையும் ஒரே காலையும் பல பாத்திரங்களுக்குப் போட்டார்கள். அந்தக் கஞ்சத்தனம் இப்போது விளையாட்டாகவே மாறியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கரை வருடத்தில் என் மகள் அவன் கையை எத்தனை முறை பிடுங்கினாள் என்று கணக்கில்லை. அழுத்தினால் உட்கார்ந்துவிடுகிறது. நிறம் மங்கவில்லை, பிசுபிசுப்பும் வரவில்லை. மூட்டுகளில் தெரியும் கோடுகள் மட்டும் முதல் மாதம் என் கண்ணை உறுத்தின. அப்புறம் பழகிவிட்டது.

ஆனால் இடுப்பில் ஸ்பிரிங் இல்லை. திருகினால் திரும்புகிறான், திருப்பிய இடத்திலேயே நிற்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் மகள் முன்னால் வைத்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. பழையவனுக்குப் புது ரப்பர் போட்டுக் கால் மாட்டியிருந்தேன்.

“அப்பா, இவனுக்கு முட்டி மடங்கவே மாட்டேங்குது.”

“அந்தக் காலத்துல அப்படித்தான்டா. இடுப்பைத் திருகி விட்டுப் பாரு.”

திருகி விட்டாள். எதிரே நின்ற ஸ்கெலிட்டர் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தான். அன்று மாலை முழுக்க அதே விளையாட்டு. மடங்கும் முட்டிக்காரன் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். பழைய நினைவு என்று அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் தேர்ந்தெடுத்தது கை வீசியவனைத்தான்.

நிறம் கொஞ்சம் மாறலாம், மூட்டு கூடலாம், தலைக்குள் வேறு பிளாஸ்டிக் இருக்கலாம். அந்தப் பொம்மை கைக்குள் என்ன வேலை செய்ததோ அது மாறக் கூடாது என்ற முடிவுக்கு அன்றுதான் வந்தேன். படத்தில் தெரிகிற எல்லாவற்றையும் அச்சு அசலாக எடுத்துவிட்டு, படத்தில் தெரியாத ஒரே ஒரு ஸ்பிரிங்கை விட்டுவிட்டால் எனக்கு அது பாதிப் பிரதிதான்.

அடுத்து சிப்பாய்கள். இரண்டும் வெவ்வேறு சிறு தயாரிப்பாளர்கள் பழைய பாணியில் செய்தவை. பெயர்கள் வேண்டாம். ஒன்று, பழைய ஜி.ஐ. ஜோ மாதிரியே முதுகில் ஒரு திருகாணி, உள்ளே ஒரு ரப்பர் வளையம், அதில் மாட்டிய உலோகக் கொக்கி. அந்த வளையம்தான் இடுப்பையும் காலையும் மார்போடு சேர்த்துப் பிடிக்கும். இன்னொன்றுக்கு வெளித்தோற்றம் மட்டும் பழையது. உள்ளே நவீன மூட்டு, மார்பு இரண்டு பாதியும் பசை போட்டு ஒட்டியது. கடையில் இருந்து வந்த அன்று இரண்டாவதுதான் உசத்தி. விரைப்பாக நின்றது, எந்தக் கோணத்திலும் வைக்கலாம்.

இரண்டாவது சித்திரையில், மாடியறைச் சூட்டில், முதல் சிப்பாயின் வளையம் அறுந்து ஆள் இரண்டாக விழுந்தான். பழையதைக் காப்பியடித்தால் பழைய வியாதியும் கூடவே வரும் என்று முதலில் சலித்துக்கொண்டேன். பிறகு ஐந்து ரோடு பக்கம் ஒரு மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

“எந்த மோட்டாருக்குங்க?”

“மோட்டாருக்கு இல்லீங்க, பொம்மைக்கு.”

கடைக்காரர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, வளையங்கள் போட்டிருந்த தகர டப்பாவையே என் பக்கம் தள்ளினார். அளவு பார்த்து ஐந்து எடுத்தேன், இருபது ரூபாய். திருகாணியைக் கழற்றி மாட்டப் பத்து நிமிடம். சின்ன வயதில் சைக்கிள் டியூப்பை நறுக்கி இதே வேலையைச் செய்திருக்கிறோம், கை மறக்கவில்லை. அந்தச் சிப்பாய் இன்று வரை நிற்கிறான்.

விரைப்பானவனுக்கு மூன்றாவது வருடம் முட்டிக்குள் இருந்த முளை ஒடிந்தது. திறக்க வழியில்லை. பசை போட்ட இடத்தில் கத்தியை விட்டு நெம்பினேன், மார்பு விரிசல் கண்டது. இப்போது மேசை இழுப்பறையில் படுத்திருக்கிறான். பழைய வடிவமைப்பின் பலவீனம் என்று எல்லோரும் சொல்லும் அந்த ரப்பர் வளையம், வேண்டுமென்றே அறுவதற்கு விட்ட இடம் போலிருக்கிறது. அது போனால் மாற்றலாம். அது இல்லாவிட்டால் மாற்ற முடியாத ஏதோ ஒன்று போகும். ஹாஸ்ப்ரோவும் சில வருடங்களுக்கு முன் இதே ரப்பர் வளைய அமைப்பில் சிலரை மறுபடி வெளியிட்டது. அந்த முடிவை எடுத்தவருக்கு என் வணக்கம்.

வாள் கதை தனிக் கதை. முதலில் வந்த ஹீ-மேனிடம் இருந்தது முழு வாள் அல்ல, நீளவாக்கில் பாதி. இன்னொரு பாதி, ஊதா நிறத்தில், ஸ்கெலிட்டரிடம். இரண்டையும் சேர்த்தால்தான் முழு வாள், அதுதான் கதையில் வரும் கிரேஸ்கல் கோட்டைக்குச் சாவி. என் பாதி தொலைந்துபோனதால், ‘எண்பதுகளின் ஒரிஜினல்’ என்று ஒருவர் விற்றதை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். சூரமங்கலத்தில் பள்ளி நண்பன் ஒருவனிடம் பழைய ஸ்கெலிட்டர் அவன் வாளோடு பத்திரமாக இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துப் பார்த்தோம். நுனி ஒத்துப்போனால் பிடி ஒட்டவில்லை, பிடியை அழுத்தினால் நுனி விலகியது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். கொலுசுக்கு வேண்டிய பூவும் கொக்கியும் ரப்பர் அச்சு எடுத்து வார்ப்பவர். வாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார், நகத்தால் ஓரத்தை வருடினார்.

“இது அச்சுல இருந்து வந்த பொருள் இல்ல தம்பி. பொருள்ல இருந்து அச்சு எடுத்து ஊத்தினது.”

“எப்படிண்ணா சொல்றீங்க?”

“ஓரமெல்லாம் மழுங்கியிருக்கு பாரு. நாங்க மாஸ்டர் பீஸைக் கொஞ்சம் பெருசாத்தான் செய்வோம். ரப்பர் சுருங்கும், மெழுகு சுருங்கும், வெள்ளியும் ஆறும்போது சுருங்கும். செஞ்சு முடிச்ச சாமானையே வச்சு அச்சு எடுத்தா சின்னதாத்தான் வரும். பிளாஸ்டிக்குன்னாலும் அதே கதைதான்.”

அளவுமானி வைத்துப் பார்த்தால், நண்பனின் வாளைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீளம் குறைவு. ‘புதுசு, மறுபதிப்பு’ என்று சொல்லி 200 ரூபாய்க்கு விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். வயிற்றெரிச்சல் ஏமாந்த பணத்துக்காக மட்டும் இல்லை. இனி யாருடைய பெட்டியில் எது நிஜம் என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே ஒரு விஷயத்தில் மட்டும் பிரதி பழையதைப் போல இருக்கவே கூடாது என்பேன்: காலிலோ முதுகிலோ பொறிக்கும் வருடம். எந்த ஆண்டு வார்த்ததோ அந்த ஆண்டுதான் இருக்க வேண்டும், சுரண்டினாலும் போகாத ஆழத்தில்.

பொருளைப் பற்றி எனக்கு எந்தப் பிடிவாதமும் இல்லை. பழையவன் கால் பிசுபிசுத்ததற்குக் காரணம், மென்மையான பி.வி.சி.யை இளக்கமாக வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியே கசிவதுதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினேன், ஆறு மாதத்தில் மறுபடி கசிந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இன்னும் மோசம். இதையெல்லாம் ‘பழையதற்கு விசுவாசம்’ என்று யாராவது திரும்பச் செய்தால் அவருக்கு ஏற்காட்டில் ஒரு மழைக்காலம் தங்க இடம் தருகிறேன்.

அட்டை விஷயத்தில் ஒரு வேடிக்கை. கென்னர் நிறுவனம் 1978இல் விற்ற மூன்றேமுக்கால் அங்குல ‘ஸ்டார் வார்ஸ்’ சினிமாப் பொம்மைகளை, ஹாஸ்ப்ரோ 2019இல் பழைய பாணியிலேயே மறுபடி கொண்டுவந்தது. அதே ஐந்து அசைவுகள். அட்டையிலோ, தேய்ந்த ஓரமும் கசங்கலும் போலவே அச்சடித்திருந்தார்கள். கிழித்து விற்கும் ஜீன்ஸ் மாதிரி! பெரியம்மா வீட்டில் என் ‘ஒரிஜின்ஸ்’ அட்டைகளை ஒரு கார்த்திகை மாதம் வெளியே விட்டேன். பூஞ்சணம், இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை, தண்ணீர்க் கறை மூன்றும் இலவசமாகவே வந்து சேர்ந்தன. பழமை தானாக வரட்டும், அச்சடிக்க வேண்டாம்.

விலை பற்றிச் சுருக்கமாக. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். என் ‘ஒரிஜின்ஸ்’ ஆட்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா மகன் பெட்டியில், ஊறுகாய் பாட்டில் போன வழியில் திரும்பி வந்தவர்கள். சேலத்துக் கடையில் போய் வாங்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

போன நவராத்திரிக்குக் கொலுவில் கடைசிப் படி மகளுக்கு. பூங்காவுக்கும் கிரிக்கெட் செட்டுக்கும் நடுவே பழைய ஹீ-மேன், புது ஹீ-மேன், ஸ்கெலிட்டர் மூன்று பேரையும் நிறுத்தினாள். புதியவனுக்குக் கணுக்காலைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பழையவன் பிசுபிசுத்த காலோடு வைத்த இடத்தில் நின்றான், சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு தரம் இடுப்பைத் திருகிவிட்டுப் போனார்கள். கையில் மட்டும் வாள் இல்லை. அந்தப் போலியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பரணில் இன்னொரு டிரங்குப் பெட்டி திறக்காமலே இருக்கிறது, சாவியைத் தேடித் தருவதாகப் பெரியம்மா சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.