நைலோன் மணிக்கூட்டுப் பட்டி: கை ஆறியது, தோய்க்கிற வேலை கூடியது

விளையாட்டு மணிக்கூடு கட்டி மணிக்கட்டு சிவந்து கடிக்கிறவர்கள், மணிக்கூட்டோடு வந்த சிலிக்கோன் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வெல்க்ரோ வைத்த நைலோன் பட்டி ஒன்றை வாங்கிப் பார்க்கலாம். எனக்குச் சரிவந்தது. ஆனால் தோய்க்கப் பஞ்சிப்படுகிறவர்கள் வாங்க வேண்டாம். அவர்களுக்குப் பழைய பட்டியே மேல்.

நான் யாழ்ப்பாணத்தில் உடற்கல்வி படிப்பிக்கிற ஆசிரியை. தை பிறந்தால் இல்ல விளையாட்டுப் போட்டி வேலைகள் தொடங்கிவிடும். விடியப் பயிற்சி, பகல் முழுக்கப் பாடம், பின்னேரம் மறுபடி மைதானம். ஓட்டத்துக்கு நேரம் எடுப்பதும் மணிக்கூட்டில்தான், இரவு நித்திரையை அளந்ததும் அதில்தான். அதனால் அப்போது அது கையை விட்டு இறங்கியதில்லை. அடியில் பச்சை வெளிச்சம் மினுங்குகிற கண்ணாடி இருக்கிறதே, அது படுகிற இடத்தில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம் வந்தது. விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பருக்கள். தரம் ஒன்பதில் படிக்கிற பிள்ளை ஒன்று கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், ஆரும் சூடு வைச்சவையோ?" என்று கேட்டது.

பாமசி ஒன்றில் காட்டினேன். வட்டமாக இருக்கிறது, படர்தாமரைதான் என்று பல மருந்து கலந்த ஒரு கிறீமை எடுத்துத் தந்தார்கள். மணிக்கூடு கட்டுகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசிய கையோடு சிவப்பு அடங்கியது, நிறுத்தியதும் திரும்ப வந்தது. பிறகு பார்த்த தோல் வைத்தியர் மணிக்கூட்டைக் கவிழ்த்து அந்தத் தடத்துக்கு மேலே வைத்தார். அளவு அப்படியே பொருந்தியது. கிறீமில் ஸ்டீரொய்ட் இருப்பதால் கொஞ்சநேரத்துக்கு அடக்கிவிடும், உண்மையான படர்தாமரைக்கு அதைப் பூசினால் அடங்கியதுபோலக் காட்டிவிட்டுப் பேந்து பரவும் என்றார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, "கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகுமோ?" என்பது. எனக்குப் புண்ணாகாது. புண்ணாகிறவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல் ஒத்துவராது, அவர்கள் பட்டியின் துணியைப் பார்க்க முன் கொளுக்கியைப் பார்க்க வேண்டுமாம். துருப்பிடிக்காத உருக்கிலும் நிக்கல் இருக்கிறது. ஒவ்வாமை என்றால் பட்ட உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும், பட்ட இடத்தைத் தாண்டியும் போகும். என்னுடையது கண்ணாடியின் கோட்டை விட்டு ஒரு துளியும் வெளியே போகவில்லை. வேர்வையும் சவர்க்காரமும் காற்றுப் புகாமல் அடைபட்டு, தோலை ஊறவைத்து, மேலே உராய்வும் சேர்ந்தால் வருவது இது. சிலிக்கோனே ஒத்துக்கொள்ளாதவர்கள் மிகக் குறைவாம். அது வேர்வையை உறிஞ்சாது, வெளியேயும் விடாது, அதுதான் அதன் குற்றம்.

எல்லாருக்கும் வேர்வைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. 2014 இல் ஃபிட்பிட் நிறுவனம் நடையையும் நித்திரையையும் அளக்கிற ஃபோர்ஸ் என்ற கைப்பட்டியை இதே தோல் பிரச்சினைக்காக மீளப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம். உருக்கு, பட்டியின் பொருள், உள்ளே ஒட்டிய பசை என்று மூன்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. ஆகவே பட்டியை மாற்றியும் பருக்கள் பரவிக்கொண்டு போனால் மணிக்கூட்டையே கழற்றிவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு தொல்லை, தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற கிணற்று நீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்து அழுக்குப் படையாகி ஒட்டிக்கொள்ளும். நுரை போய்விட்டது என்று நினைப்போம், பட்டிக்குக் கீழே கையைத் தேய்த்தால் பிசுபிசுப்புத் தெரியும். மணிக்கூட்டோடு குளிப்பதை நான் விட்டதே இதனால்தான். தண்ணீர் போகாது என்று பெட்டியில் எழுதியிருக்கிறது, சரி, தோலுக்கு அதனால் என்ன லாபம்?

பட்டிக்கு வருவோம். கஸ்தூரியார் வீதிப் பக்கம் தொலைபேசி உறையும் சார்ஜரும் விற்கிற ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். விலை 1,500 ரூபா. கடைத் தம்பி முதலில் எடுத்துக் காட்டியது மணிக்கூட்டுக்கு அடியால் ஒரே நீளமாக ஓடுகிற வகை. பார்க்க வடிவுதான், ஆனால் துணி அந்தக் கண்ணாடியை மூடிவிடும், பிறகு இதயத் துடிப்பு எப்படித் தெரியும்? "அக்கா, இது ரெண்டு துண்டா வாறது, உங்கட மணிக்கூட்டுக்கு இதுதான் சரி" என்று மற்றதைத் தானே எடுத்தான். கெட்டிக்காரன். அகலத்தையும் அளந்து பார்த்தான். இந்த மணிக்கூடுகளில் பல 20 அல்லது 22 மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் பிசகினாலும் பூட்டாது அல்லது ஆடும். பட்டியை மணிக்கூட்டோடு பூட்டுகிற பின்னில் சின்னதாக ஒரு நெம்பு இருக்கிறது. அதை நகத்தால் இழுத்து நிமிடத்துக்குள் மாற்றிவிட்டான்.

போட்டதும் தெரிந்த வித்தியாசம் இறுக்கத்தில்தான். சிலிக்கோன் பட்டியில் ஓட்டைக்கு ஓட்டைதான் நகரலாம். காலையில் அளவாக இருக்கிற ஓட்டை, வெயில் ஏறி கை கொஞ்சம் வீங்கியதும் இறுகிவிடும். அடுத்த ஓட்டைக்குப் போனால் மணிக்கூடு ஆடும். ஆடினால் துடிப்புக் கணக்குப் பிழைக்கும், சிலவேளை கால் வைக்கிற வேகத்தையே துடிப்பு என்று காட்டும். வெல்க்ரோவில் அந்தக் கரைச்சல் இல்லை. ஓடும்போது மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்குவேன், ஓடி முடிந்ததும் சுண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்திவிடுவேன். துணிக்கு ஊடாகக் கொஞ்சம் காற்றுப் போகிறது. சித்திரை வெயிலிலும் பட்டிக்குக் கீழே அந்தக் கொதகொதப்பு இல்லை. தடம் மெல்ல மங்கி, தோல் உரிந்து, இப்போது நிறம் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது.

ஆனால் கண்ணாடிக்குக் கீழே நைலோனால் ஒன்றும் செய்ய முடியாது, அங்கே அதே கண்ணாடிதான். அந்த இடம் ஆறியது இரவில் மணிக்கூட்டைக் கழற்றி வைப்பதால். நித்திரைக் கணக்குப் போய்விட்டது, போகட்டும். நித்திரை கொண்டேனா இல்லையா என்று எனக்குத் தெரியாதா?

இனிக் குறைகள். முதலாவது நாற்றம். வேர்வையை இது உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. தோய்க்காமல் விட்டால் புளித்த மணம் வரும், அந்த ஈரத்தோடு திரும்பக் கட்டினால் கடி திரும்பவும் வரும். பயிற்சி முடிந்ததும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுவேன். இடைக்கிடை மணமில்லாத சவர்க்காரம் கொஞ்சம் போட்டு, நுரை முழுதும் போகும்வரை அலசிக் கொடியில் போடுவேன். வெயிலில் கெதியாகக் காயும். மாரியில் ஒன்று காய ஒன்று கட்ட இரண்டு வேண்டும். ஆக 1,500 அல்ல, 3,000 என்று கணக்கு வையுங்கள்.

இரண்டாவது மணல். நீளம் பாய்தல் குழியைக் கிண்டிச் சமன்செய்துவிட்டு வந்தால் நெசவுக்குள் மணல் போய் இருந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கை அசைக்கும்போது உரசும். பழைய பல்லுப் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சிலிக்கோன் என்றால் ஒரு துடைப்பு, முடிந்தது.

மூன்றாவது வெல்க்ரோ. கூட்டம், விழா என்று சேலை கட்டுகிற நாளில் முந்தானையை இழுத்து நூல் எடுத்துவிடுகிறது. அதன் கொக்கிப் பக்கத்தில் துவாயின் பஞ்சும் தலைமயிரும் சேர்ந்து பிடிப்பும் குறைகிறது. எவ்வளவு காலம் தாங்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

நீந்துகிறவர்கள், வீட்டில் நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைக்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம், பட்டி காயவே காயாது. அவர்கள் சிலிக்கோனையே வைத்துக்கொண்டு, கழற்றித் துடைத்து, கையை மாற்றி மாற்றிக் கட்டலாம். தோல் ஏற்கனவே வெடித்து நீர் வடிகிறவர்களுக்கு எந்தப் பட்டியும் வேண்டாம், முதலில் ஆறட்டும்.

வாங்குகிறவர்கள் கறுப்பாகப் பார்த்து வாங்குங்கள். வெளிர் சாம்பலும் கடையில் இருக்கிறது, ஆனால் வலிகாமத்துச் செம்மண் மைதானத்தில் ஒரு பின்னேரம் நின்றால் அது என்ன நிறம் என்று பிறகு சொல்ல முடியாது.