வாசித்துப் பார்த்து அச்சடிக்கும் ஒரு கடை

எங்கள் பாடசாலை உதைபந்தாட்டப் பொடியன்கள் உடுப்பு மாற்றும் அறைக்கு ஒரு போஸ்டர் அடிக்க வேண்டியிருந்தது. திருகோணமலை டவுனுக்குள், பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு சின்ன அச்சுக்கடையில் கொடுத்தேன். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய்விட்டது. கல்யாணக் கார்ட்டும் அந்தியேட்டி அழைப்பிதழும் கண்ணாடியில் ஒட்டியிருப்பதுதான் அடையாளம்.

போஸ்டரில் இருந்தது அமெரிக்காவில் டெனசி மாநிலத்துச் சின்னக் கல்லூரியான சுவானியின் 1899ஆம் ஆண்டுப் பருவம். இது நம்முடைய உதைபந்தாட்டம் இல்லை, அமெரிக்கன் ஃபுட்போல், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். பந்தை முன்னுக்கு எறிவதற்கு 1906இல்தான் அனுமதி வந்தது. அந்தப் பருவத்தில் 12 ஆட்டம், 12 வெற்றி. அதிலும் ஐந்து ஆட்டங்களை ஆறே நாளில், ரயிலில் கிட்டத்தட்ட 2,500 மைல் அலைந்து ஆடினார்கள். தோற்றதெல்லாம் பல்கலைக்கழக அணிகள்: ஒஸ்டினில் டெக்சாஸ் 12-0, ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் 10-0, நியூ ஓர்லியன்சில் டுலேன் 23-0, பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34-0, மெம்பிசில் மிசிசிப்பி 12-0. பருவம் முழுக்க எடுத்த புள்ளி 322, கொடுத்தது 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஆபர்ன் ஒன்றுதான், அதுவும் 11-10 என்று தோற்றது. நாலு மாற்று வீரர் இல்லை என்று முகம் தொங்கப்போடுகிற எங்கள் பொடியன்கள் தினமும் பார்க்கட்டும் என்றுதான் இதைப் போட்டேன்.

சரி, கடைக்கு வருவோம். பென் டிரைவைக் கொடுத்ததும் தம்பி அச்சுக்கு அனுப்பவில்லை. வரி வரியாக வாசித்தார்.

“சேர், நவம்பர் 9, 10, 11, பிறகு 13, 14. இடையில 12 விடுபட்டுப் போச்சோ?”

“அது ஞாயிற்றுக்கிழமை தம்பி, அண்டைக்கு ஆட்டமில்லை.”

“அப்ப அதையும் போடுவம். இல்லாட்டி பொடியள் பிழையெண்டு நினைப்பாங்கள்.”

‘12 ஞாயிறு: ஓய்வு’ என்று அவரே தட்டிச் சேர்த்தார். முன்பு வேறொரு கடையில் அடித்த எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டி பெனரில் ‘விளயாட்டு’ என்று வந்து, பிரதம விருந்தினர் தலைக்கு மேலேயே நாள் முழுக்கத் தொங்கியது. அந்த எரிச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் தம்பியின் அருமை புரியும்.

குறையும் உண்டு. சுவானியின் நிறம் ஊதா, முதல் பிரதியில் அது கடும் நீலமாக வந்தது. முகம் கோணாமல், காசு கேட்காமல் திருப்பி அடித்துத் தந்தார். பின்னேரம் தருவதாகச் சொன்னது அடுத்த நாள்தான் கிடைத்தது. லெமினேட்டில் ஒரு மூலையில் காற்றுக்குமிழ். மற்றக் கடைகளைவிட 300 ரூபா கூட. கார்ட் எடுப்பதில்லை, காசாகத்தான் கொடுக்க வேண்டும்.

காலையில் போங்கள், பின்னேரம் கல்யாணக் கார்ட்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான், அவருடைய மெஷினில் அது போகாது.