ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் பின்பக்கத்தை இறக்க எந்த ஸ்பிரிங்?

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் காரின் உயரத்தை இறக்க நினைத்தால் பின் ஸ்பிரிங்கை முதலில் முடிவு செய்யுங்கள். குடும்பமும் சாமானும் ஏறுவது அங்கேதான். இதில் பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உருக்குச் சட்டம்; ஸ்பிரிங் வேறு, ஆட்டத்தை அடக்கும் ஷொக் வேறு. கழற்றி மாட்டுவது லேசு, அதனாலேயே பலர் கையில் கிடைத்ததை மாட்டிவிடுகிறார்கள்.

வெட்டிய ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் இறுகும், அதுவரை சரி. ஆனால் நீளம் குறைந்துவிடுவதால் சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் லூஸாகித் தான் உட்காரும் இடத்தை விட்டு விலகலாம். காஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம், உருக்கின் பதமே போய்விடும்.

உண்மையான போட்டி டவுன் ஸ்பிரிங்குக்கும் (காரை இறக்கவென்றே செய்த ஸ்பிரிங்) கொயில் ஓவருக்கும் (மரையைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷொக் செட்) தான்.

கொயில் ஓவரில் உயரத்தை விரும்பியபடி மாற்றலாம், ஷொக்கும் அந்த ஸ்பிரிங்குக்கென்றே செய்தது. நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குப் போகிறவர் என்றால் யோசிக்கவே தேவையில்லை, அதையே எடுங்கள். ஆனால் மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா பக்கம் கடற்கரையோரம் கார் நிற்கிறது என்றால் உப்புக்காற்றும் மணலும் அந்த மரையைப் பிடித்துவிடும், கழுவிக் கிரீஸ் பூசிப் பராமரிக்காவிட்டால் கொஞ்ச நாளில் உயரத்தை மாற்றவே முடியாது, பிறகு அந்தக் காசுக்கு என்ன பிரயோசனம்?

டவுன் ஸ்பிரிங்கில் 25 அல்லது 30 மி.மீ. இறக்கம் போதும். ஐபாக் கம்பனியின் புரோ-கிட் மாதிரியானவற்றில் சுற்றுகள் ஒரு பக்கம் நெருக்கமாக இருக்கும், பாரம் ஏற ஏற அவை மூடிக்கொண்டு ஸ்பிரிங் இறுகிக்கொண்டே போகும். ஆர்எஸ்ஆர் கம்பனியின் ஸ்பிரிங் வாங்குவதென்றால் அதன் சாதாரண 'டவுன்' வகை போதும், அதைவிடக் கூட இறக்கும் 'சுப்பர் டவுன்' நம் வேகத்தடைகளுக்குச் சரிவராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மி.மீ. அமுங்க 3 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் என்று வையுங்கள். பின்னால் 150 கிலோ ஏறினால் ஒரு பக்கத்துக்கு 75 கிலோ, அதாவது ஏறக்குறைய 25 மி.மீ. இன்னும் கீழே போகும். ஏற்கெனவே 40 மி.மீ. இறக்கியிருந்தால் மொத்தம் 65. படுவான்கரைப் பக்கம் கிறவல் ரோட்டில் ஒரு குழி வந்தால் ஸ்பிரிங் முழுக்க அமுங்காமல் கடைசியில் தடுக்கும் பம்ப் ஸ்டொப்பர்தான் அடி வாங்கும். அது அடிக்கிற கணத்தில் பின்பக்கம் திடீரென்று கல்லாகிவிடும், வளைவில் என்றால் ஆபத்து. எவ்வளவு இறங்கியது என்று பார்க்காதீர்கள், இன்னும் எவ்வளவு அமுங்க இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

பின்பக்கத்தை அளவுக்கு மீறி இறுக்குவதும் கூடாது. முன்சக்கர ஓட்டக் கார் வளைவில் நன்றாகத் திரும்பும் என்று அதைச் செய்வார்கள், உண்மைதான், ஆனால் மாரி மழையில் நனைந்த ரோட்டில் வளைவின் நடுவே அக்ஸிலேட்டரை விட்டால் வால் விலகிவிடும். எனவே முன்னும் பின்னும் ஒரே செட்டாகவே வாங்குங்கள்.

பழைய ஷொக்கில் எண்ணெய் கசிந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மாட்டும்போது பீமைக் காருடன் இணைக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் காரின் பாரம் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கச் சொல்லுங்கள், தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.